மஞ்சளும் கிட்னியும்: கல்லாவில் இருந்து வைத்தியம் வேண்டாம்



"மஞ்சத்தூள் கிட்னிக்கு நல்லதாமே அண்ணே, நிஜமா?" தியாகதுருகத்தில் வாரச்சந்தை நாளில் சரக்கு எடுக்க வருவோர் இப்படிக் கேட்பது வழக்கமாகிவிட்டது. கேட்ட மாத்திரத்தில் "ஆமாம்" என்று சொல்லி ஒரு பாக்கெட் கூடுதலாகக் கட்டுவது சுலபம். நானும் கட்டியிருக்கிறேன். அது தவறு என்றே இப்போது எழுதுகிறேன்.

மஞ்சளுக்கு நிறம் தருவது குர்குமின் என்னும் சத்து. எலிகளிடம் நடத்திய சோதனைகளில் அது சிறுநீரகத்தைக் காப்பதாகத் தெரிந்தது உண்மை. ஆனால் மனிதர்களிடம்? கனடாவில் 10 மருத்துவமனைகளில் இரத்தக்குழாய் அறுவைக்கு வந்த 606 பேரிடம் சோதித்து 2018இல் முடிவை வெளியிட்டார்கள். பலன் இல்லை, குர்குமின் உண்டவர்களில்தான் சிறுநீரகப் பாதிப்பு சற்றுக் கூடுதல். வாயால் உண்ணும் குர்குமின் இரத்தத்தில் மிகக் குறைவாகவே சேரும். அளவுக்கு மீறினால் ஆக்சலேட் கூடும்; கல் உள்ளவருக்கு அது ஆகாது. குழம்பில் போடும் மஞ்சளை நான் குறை சொல்லவில்லை. மாத்திரையும் சூரணமும் வேறு கதை.

மேலும், சிறுநீரகக் கல்லைத் தீர்க்கும் என்று விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டு மருந்து விளம்பரச் சட்டம் தடுக்கிறது. கடை வாசலில் அட்டை தொங்கவிட்டிருப்போர் கழற்றிவிடுவது நல்லது.

நம் கையில் உள்ள விஷயம் வேறொன்று. விரலி மஞ்சளுக்கு மினுமினுப்பு ஏற்ற லெட் குரோமேட் தேய்க்கும் பழக்கம் சில இடங்களில் உண்டு. அதிலுள்ள ஈயம் சிறுநீரகத்தைக் கெடுக்கும், குழந்தைகளின் மூளையையும் கெடுக்கும். வங்கதேசத்தில் 2019இல் சந்தை மஞ்சளில் 47 சதவீத மாதிரிகளில் இது இருந்தது. அரசும் வியாபாரிகளும் முனைந்ததில் 2021இல் ஒன்றுகூட இல்லை. இரண்டே வருடம்!

ஈரோட்டிலிருந்தோ சேலத்திலிருந்தோ மூட்டை வந்து இறங்கும்போது பளிச்சென்ற நிறத்திற்கு மயங்கி விலை கூட்டிக் கொடுக்கிறோம். அந்த நிறத்தைக் கேட்பதே நாம்தான். ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் ஒரு சிட்டிகைத் தூளைப் போட்டுப் பாருங்கள். நல்ல தூள் இளமஞ்சளாக அடியில் படியும். கலப்படத் தூள் தண்ணீரையே அழுத்தமான மஞ்சளாக்கும். சந்தேகம் வந்தால் மூட்டையைத் தனியே வைத்து, மாதிரியை உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் கொடுக்கலாம். அடுத்த கூட்டத்தில் இந்தச் சோதனையைச் சங்கத்திலேயே செய்து காட்டும்படி நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறேன். என் கடை மூட்டையிலிருந்தே தொடங்கலாம்.