எங்களுக்கு மண்டபம் வேண்டாம்

எங்கள் நகரத்துச் சங்கம் மண்டபம் கட்டப்போகிறதாம். பற்றுச்சீட்டுப் புத்தகத்தோடு குசினிப் பின்கதவால் வந்தார்கள். நானூறு பேர் இருக்கலாம், பெரிய மேடை, சாமத்தியவீட்டுக்கும் கலியாணத்துக்கும் இனி வெள்ளைக்காரனுக்கு வாடகை கட்டத் தேவையில்லை. நல்லது. நாங்கள் கையைத் துடைத்துக்கொண்டு ஒன்றே ஒன்று கேட்டோம். அதில் எங்கள் பிள்ளைகளுக்கு ஒரு அறை இருக்குமா?

"பிள்ளையளுக்குத்தானே அண்ணை, தமிழ் வகுப்புக்கும் அறை போடுறம்."

நாங்கள் கேட்டது வகுப்புக்கு வர முடியாத பிள்ளைகளைப் பற்றி. பதினொரு வயதாகியும் பேச்சு வராத பிள்ளை. இரவு மூன்று மணிக்கு எழும்பி வீடு முழுக்க நடக்கும் பிள்ளை. வலிப்பு வரும் பிள்ளை. இவர்களை எந்த விழா மேடையிலும் நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். பார்க்க விரும்பியதும் இல்லை.

நாங்கள் நான்கு தகப்பன்மார். எல்லோரும் 2009க்குப் பிறகு நோர்வேக்கு வந்த அகதிகள். ஊரில் பாதியில் விட்ட பல்கலைக்கழகப் படிப்பை இங்கே முடிக்கலாம் என்று நினைத்தவர்களும் எங்களில் உண்டு. இப்போது கோப்பை கழுவுகிறோம், இறைச்சி வெட்டுகிறோம். இரவு ஒரு மணிக்கு வீட்டுக்குப் போனால் மனைவி பிள்ளையைக் கையில் தந்துவிட்டுப் படுப்பாள். ஐந்து மணிக்கு அவளுக்குத் துப்புரவு வேலை. ஒரே கட்டிலில் இருவரும் சேர்ந்து நித்திரை கொண்டு எத்தனை மாதம் என்பதை எண்ணுவதை விட்டுவிட்டோம்.

ஊரில் அம்மம்மா இருந்தாள், சித்தி இருந்தாள், வேலிப் பொட்டுக்குள்ளால் வரும் பக்கத்து வீட்டு மாமி இருந்தாள். பொழுதுபடுவதற்குள் பிள்ளை ஆறு கை மாறும். அதற்கு அங்கே பெயர் கிடையாது. இங்கே 'அவ்லாஸ்ட்னிங்' என்கிறார்கள், சுமையை இறக்கிவைத்தல். பராமரிப்பில் நொந்துபோகும் பெற்றோருக்கு அதை வழங்குவது கொம்யூனின் சட்டக் கடமை. கட்டணம் இல்லை. மறுத்தால் நான்கு கிழமைக்குள் மேன்முறையீடு செய்யலாம். மொழி தெரியாதவர்களுக்காக 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த மொழிபெயர்ப்பாளர் சட்டமும் இருக்கிறது.

இவ்வளவும் இருந்தும் எங்களில் இருவர் விண்ணப்பிக்கவே இல்லை. "பெத்ததை ஆரிட்டையோ குடுத்திட்டு நித்திரை கொள்ளுறியளோ?" இதைக் கேட்டவர் வேறு யாருமல்ல, எம்மவர். கோயில் வாசலில், அர்ச்சனைத் தட்டோடு நின்றுகொண்டு கேட்டார். எங்கள் பிள்ளையை ஒரு மணித்தியாலம் தூக்கி வைத்திருக்க அவருக்கு மனமில்லை, எங்கள் நித்திரையைக் கணக்கெடுக்க மட்டும் நேரமிருக்கிறது!

துணிந்து அனுப்பிய ஒருவரின் மகன் இரண்டு நாள் சாப்பிடாமல் திரும்பினான். அவன் 'அம்' என்றால் சோறு, 'அம்மு' என்றால் தண்ணீர். அங்கிருந்தவர்கள் அவன் தாயைத் தேடுகிறான் என்று நினைத்துத் தலையைத் தடவியிருக்கிறார்கள். நல்ல மனிதர்கள். அவர்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தது?

அதனால்தான் கேட்கிறோம், ஒரு வீடு கட்டுங்கள். மூன்று அறை போதும். சக்கர நாற்காலி திரும்ப ஒன்றரை மீற்றர் வட்டம் உள்ள குளியலறை, படியில்லாத வாசல், கூரையில் தூக்கி, முதல் இரவுகளில் தாய் படுக்க ஒரு கட்டில். தம்பி தங்கைக்கும் ஒரு மூலை, அந்தப் பிள்ளைகளை யாருமே கேட்பதில்லை. தமிழ் பேசுகிற, பயிற்சி பெற்ற இரண்டு பேர். இலாப நோக்கில்லாத அமைப்புகளிடமிருந்து கொம்யூன் இந்தச் சேவையை வாங்கலாம். ஆகவே சம்பளத்துக்குக் காலமெல்லாம் உண்டியல் குலுக்க வேண்டும் என்றில்லை. முதலில் சங்கம் போய்க் கதைக்க வேண்டும். சமையலை எங்களிடம் விடுங்கள், அது எங்களுக்குத் தெரியும்.

பிள்ளைகளை ஒதுக்கிவைக்கும் விடுதி கேட்கிறோம் என்று யாரும் திரிக்க வேண்டாம். அப்படியான பெரிய விடுதிகளை மூடும் சீர்திருத்தத்தை இந்த நாடே 1991இல் தொடங்கிவிட்டது. நாங்கள் கேட்பது மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் போய் ஞாயிறு திரும்பும் சித்தி வீடு.

பற்றுச்சீட்டுப் புத்தகம் இன்னும் குசினித் தட்டில் கிடக்கிறது. அந்த வீட்டின் வரைபடத்தோடு வாருங்கள், நால்வரும் கையெழுத்துப் போடுகிறோம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேண்டாம். அன்று பிள்ளைகளோடு எங்கள் முறை.