சொல்லும் பொருளும்: 'ஜங்கி' என்னும் பட்டம்

சில ஆண்டுகளுக்கு முன் எமது வகுப்பில் நிகழ்ந்தது இது. உயர்தர வகுப்பிற் புதிதாகச் சேர்ந்த மாணவன் ஒருவன், "நான் ஒரு கிரிக்கெட் ஜங்கி, சேர்" என்று தன்னை அறிமுகஞ் செய்துகொண்டான். வகுப்பு முழுவதும் சிரித்தது. பின்வரிசையில் இருந்த ஒருவன் மாத்திரம் தலையைக் குனிந்துகொண்டான். அவனுடைய தமையன் போதைப் பழக்கத்திலிருந்து மீளச் சிகிச்சை பெற்றுவந்ததை நாம் அறிவோம். ஒருவனுக்கு விளையாட்டான சொல் இன்னொருவனுக்குப் புண்ணாதலை அன்று கண்டோம்.

அச்சொல்லின் வரலாற்றைச் சிறிது பார்ப்போம். 'ஜங்க்' என்பது முதலிற் கப்பற்காரர் வழங்கிய சொல். பழுதுபட்ட வடக்கயிற்றுத் துண்டுகளுக்கு அது பெயர். பின்னர் கழித்தெறியும் பொருள் எதற்கும் பெயராயிற்று. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அமெரிக்க நகரங்களின் கொச்சை வழக்கில் அபின், மோர்பின், ஹெரோயின் ஆகியவற்றைக் குறிக்கலாயிற்று. அவற்றுக்கு அடிமையானவன் 'ஜங்கி' எனப்பட்டான். இவற்றுள் ஹெரோயின், 1898ஆம் ஆண்டில் ஜெர்மனியின் பேயர் நிறுவனத்தால் இருமல் மருந்தாக விற்பனைக்கு விடப்பட்ட பொருள்! 1914ஆம் ஆண்டின் ஹரிசன் சட்டம் அமெரிக்காவில் இத்தகைய மருந்துகளைக் கட்டுப்படுத்தியது. 1953இல் வில்லியம் பரோஸ் என்பார் புனைபெயரில் வெளியிட்ட நாவலுக்கு 'ஜங்கி' என்பதே தலைப்பு. குப்பையைக் குறித்த சொல் மனிதனுக்குப் பெயரான கதை இதுவே.

நாளடைவில் இச்சொல்லின் கடுமை தேய்ந்தது. செய்தித்தாளை விடாது படிப்பவன் 'செய்தி ஜங்கி'. ஆபத்தான விளையாட்டுக்களை நாடுபவன் 'அட்ரினலின் ஜங்கி'. இது புதுமையன்று. பேய் எனப் பொருள்படும் 'ஃபீண்ட்' என்ற சொல்லால் அபின் உண்போரை முன்னர் இகழ்ந்தனர்; பின்னர் நல்ல காற்றை விரும்புவோனையும் அச்சொல்லாலேயே கேலி செய்தனர். 1880களில் அமெரிக்க பேஸ்போல் மைதானங்களிற் பரவிய 'ஃபான்' என்ற சொல்லும், வெறியனைக் குறிக்கும் 'ஃபனற்றிக்' என்பதன் குறுக்கமே என்பர் அகராதிகாரர் பெரும்பாலோர். நம்மவரும் 'சினிமாப் பைத்தியம்' என்கின்றனர் அல்லவா? சுந்தரரோ இறைவனையே பித்தனென்று அழைத்தார். அன்பின் மிகுதியைப் பித்தென்பது நமக்கும் பழக்கமே.

ஆயினும் ஆர்வம் வேறு, அடிமைத்தனம் வேறு. இவ்வேற்றுமையை 'அடிக்ட்' என்னும் ஆங்கிலச் சொல்லே நன்கு விளக்குகின்றது. பண்டை உரோமரின் சட்டப்படி, கடனை இறுக்க இயலாதவனை நீதிபதி கடன் கொடுத்தவனிடம் ஒப்படைப்பார். அவ்வாறு ஒப்படைக்கப்பட்டவனே 'அடிக்டஸ்'. கிரிக்கெட் ஆர்வலன் பரீட்சை நெருங்கியதும் வானொலியை மூடிவிட்டுப் புத்தகத்தை எடுக்கலாம். மற்றவனோ விட வேண்டுமென்று அழுதும் விட இயலாது தவிக்கிறான். அவனுடைய கட்டு அவன் கையில் இல்லை.

இதனை உணர்ந்தே அறிஞரும் சொற்களை மாற்றி வருகின்றனர். அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 2013இல் வெளியிட்ட நோயறி கைநூல், போதைப் பழக்கத்தை ஒரு சீர்கேடாகவே வகுத்தது. அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் 2017இல், 'அடிக்ட்' என்று ஒருவரைப் பெயர்சூட்டி எழுதுவதைத் தவிர்க்குமாறு தன் எழுத்தாளருக்கு வழிகாட்டியது. நோயைச் சொல்லலாம், நோயையே ஆளின் பெயராக்கலாகாது என்பது கருத்து.

நம் வீதிகளிலும் 'குடுக்காரன்' என்ற சொல் இலகுவாக வீசப்படுகின்றது. அது விழும் இடத்தில் ஒரு தாய் நிற்கிறாள் என்பதை வீசுவோர் எண்ணுவதில்லை. வெட்கத்தினால் வீட்டுக் கதவை அடைத்துக்கொள்ளும் குடும்பம் வைத்தியரை நாடவும் தயங்கும். அதனால் நோய் முற்றும். ஒரு சொல்லால் விளையும் கேடு இத்துணை.

எனவே மாணவர்காள், உங்கள் விருப்பத்தைச் சொல்ல ரசிகன், ஆர்வலன், பிரியன் என நல்ல சொற்கள் நம்மிடம் உள; அவற்றை வழங்குங்கள். வழி தவறிய ஒருவன் உங்கள் அயலில் இருந்தால், அவனை அவனுடைய பெயரைச் சொல்லியே அழையுங்கள். அவன் திரும்பி வருவதற்கு அந்தப் பெயராவது அவனுக்கு மிஞ்சியிருக்கட்டும்.