எங்கே என்று பிள்ளைகளையும் கேட்போம்



கோடை விடுமுறை தொடங்கிவிட்டது. வெயில் தாழ்ந்ததும் தெருவெல்லாம் பிள்ளைகள். கிரிக்கெட் மட்டையோடும் சைக்கிளோடும் வருகிறவர்களுக்கு நடுவே இப்போது ஸ்கேட்போர்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வருகிறவர்களையும் பார்க்கிறோம். கோவளத்திலும் மாமல்லபுரத்திலும் கடலோரத்துப் பிள்ளைகள் அலைச்சறுக்கோடு இதையும் பழகுகிறார்கள். ஸ்கேட்போர்டு ஓட்டும் மாமல்லபுரத்துச் சிறுமி ஒருத்தியின் கதையைச் சொன்ன ‘கமலி’ குறும்படம் 2020இல் பாஃப்டா விருதுக்கான பரிந்துரைப் பட்டியல் வரை போனது. அடுத்த ஆண்டு நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் ஸ்கேட்போர்டு விளையாட்டு முதன்முறையாக இடம்பெற்றது. பெண்கள் ‘ஸ்ட்ரீட்’ பிரிவில் தங்கம் வாங்கிய ஜப்பானின் மோமிஜி நிஷியாவுக்கும் வெள்ளி வாங்கிய பிரேசிலின் ரைசா லியாலுக்கும் அன்றைக்கு வயது 13.

பதின்மூன்று வயதில் ஒலிம்பிக் மேடை ஏறலாம். ஆனால் தன் தெருவுக்குப் பக்கத்தில் விளையாட்டுத் திடல் எங்கே வர வேண்டும் என்று சொல்ல அந்த வயதுக்கு நம் ஊரில் இடமில்லை. இந்த மாதம் உங்களோடு பேச நினைப்பது இதைத்தான்.

ஊருக்கு ஒரு ஸ்கேட்பார்க், அதாவது ஸ்கேட்போர்டு ஓட்டுவதற்கான திடல், வேண்டும் என்ற பேச்சு வந்தவுடன் நாம் வழக்கமாகச் செய்வது ஒன்றுதான். எந்த இடம் சும்மா கிடக்கிறது, எந்த இடத்தைக் கொடுத்தால் யாரும் எதிர்க்க மாட்டார்கள் என்று தேடுகிறோம். அப்படித் தேடினால் ஊர்க் கோடியில், பேருந்து போகாத, தெருவிளக்கு எட்டாத ஓர் இடம்தான் கிடைக்கும். திறப்பு விழா நடக்கும். சில மாதங்களில் வாசலில் பூட்டுத் தொங்கும். பிள்ளைகள் வரவில்லை, அவர்களுக்கு ஆர்வம் போய்விட்டது என்று நாமே முடிவு கட்டிவிடுவோம். அங்கே தனியாகப் போய்வர எந்த வீட்டில் அனுமதிப்பார்கள் என்று யோசிப்பதில்லை. பெண் பிள்ளைகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

இடம் பார்க்கப் போகும்போது ஸ்கேட்போர்டு ஓட்டுகிற ஒரு பிள்ளையை உடன் அழைத்துப் போய்ப் பாருங்கள். அவன் முதலில் குனிந்து தரையைத்தான் பார்ப்பான். உள்ளங்கையால் தடவிப் பார்ப்பான். ஸ்கேட்போர்டின் சக்கரம் சுமார் ஐந்து சென்டிமீட்டர் குறுக்களவு கொண்டது, கெட்டியானது. மிளகளவு கல் ஒன்று அடியில் சிக்கினாலும் பலகை சட்டென்று நின்றுவிடும், ஓட்டுகிறவன் முன்னால் போய் விழுவான். மண் சாலையிலிருந்து சரளை அடித்து வரும் இடமா, மழைத் தண்ணீர் தேங்கி வண்டல் படியும் பள்ளமா என்பது அவனுக்குப் பெரிய விஷயம். நமக்கோ மரத்தடி என்றால் நல்ல இடம். அவனுக்கு மரம் வேண்டும், ஆனால் தளத்துக்கு மேலே வேண்டாம். சருகும் காயும் விழுந்தால் ஓட்ட முடியாது. உட்கார்ந்து இளைப்பாறும் ஓரத்தில் நிழலும் ஓட்டுகிற தளத்தில் சுத்தமான சிமென்டும் வேண்டும் என்பான். எந்த வரைபடமும் சொல்லாத விவரம் இது.

அதேபோல அந்த இடத்தைச் சுற்றிக் குடியிருப்பவர்களுக்குத் தெரிந்தது பிள்ளைகளுக்குத் தெரியாது. ஐப்பசி மழையில் தண்ணீர் எந்தப் பக்கம் வரும், எந்த வீட்டில் படுக்கையில் இருக்கும் பெரியவர் உண்டு, இரவில் அந்த மூலையில் யார் கூடுகிறார்கள், திருவிழாவுக்குத் தேர் எந்த வழியாகத் திரும்பும் என்பதெல்லாம் அங்கே வாழ்கிறவர்களின் அறிவு. இந்த இரண்டு தரப்பையும் ஒரே பாயில் உட்கார வைத்துப் பேசினால்தான் சரியான இடம் அகப்படும்.

அப்படிப் பேசிப் பார்த்த ஊர் ஒன்று உண்டு: அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்திலுள்ள போர்ட்லாந்து நகரம். ஆண்டில் பல மாதம் தூறிக்கொண்டே இருக்கும் ஊர். அங்கே 1990இல் ஸ்கேட்டர் இளைஞர்கள் சிலர் பர்ன்சைடு பாலத்துக்கு அடியில் தாங்களே சிமென்ட் குழைத்துச் சரிவுகள் கட்டத் தொடங்கினார்கள். யாரிடமும் அனுமதி வாங்கவில்லை. பாலமே கூரையாக இருந்ததால் மழை நாளிலும் ஓட்ட முடிந்தது. அதுவரை போதைப் பழக்கத்துக்காரர்கள் கூடும் இருட்டு மூலையாக இருந்த இடம் அது. பிள்ளைகளின் நடமாட்டம் வந்தபின் நிலைமை மாறியது. அக்கம்பக்கத்துத் தொழிற்கூடக்காரர்களே அவர்களுக்காகப் பேச முன்வந்தார்கள். பிறகு நகர மன்றமும் ஒப்புக்கொண்டது.

அனுமதியில்லாமல் கட்டியதை நான் முன்மாதிரியாகச் சொல்லவில்லை. அந்த நகரம் அதிலிருந்து எடுத்துக்கொண்ட பாடம்தான் முக்கியம். பிள்ளைகளுக்கு இடம் தேர்ந்தெடுக்கத் தெரிகிறது என்பதை அது புரிந்துகொண்டது. ஊர் முழுவதுக்கும் ஒரு திட்டம் போட முடிவானபோது, ஸ்கேட்டர்களையும் சேர்த்து ஓர் ஆலோசனைக் குழு அமைத்தார்கள். பொதுக்கூட்டங்களில் மக்களின் கருத்தைக் கேட்டு, 2005இல் நகரெங்கும் பரவலாக 19 இடங்களைக் குறித்தார்கள். பணம் வர வர ஒவ்வொன்றாகக் கட்டினார்கள். பல இடங்கள் இன்னமும் காத்திருக்கின்றன. கட்டியவற்றில் ஒன்றான கிளென்ஹேவன் பூங்கா ஓர் உயர்நிலைப் பள்ளியை ஒட்டி, பேருந்து ஓடும் பெருஞ்சாலை ஓரத்தில் இருக்கிறது. பள்ளி விட்டதும் பிள்ளைகள் நடந்தே போய்விடலாம். நான்கு பேர் பார்வை படும் இடம் என்பதால் பெற்றோருக்கும் நிம்மதி.

கேட்காமல் முடிவெடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு லண்டனில் ஒரு பாடம் இருக்கிறது. தேம்ஸ் நதிக்கரையில் குவீன் எலிசபெத் ஹால் என்ற இசையரங்கம் 1967இல் திறக்கப்பட்டது. அதன் அடித்தளத்தில் தூண்களும் சரிவுகளுமாகத் திறந்து கிடந்த இடத்தை 1970களின் தொடக்கத்திலிருந்தே ஸ்கேட்டர்கள் பயன்படுத்தி வந்தார்கள். 2013இல், அந்த இசையரங்கம் அடங்கிய கலை மையத்தை விரிவாக்கும் திட்டம் வந்தது. அந்த அடித்தளத்தில் கடைகள் வரும், ஸ்கேட்டர்களுக்குக் கூப்பிடு தூரத்தில் ஹங்கர்ஃபோர்டு பாலத்தடியில் புதிய இடம் கட்டித் தரப்படும் என்றார்கள். கலை மையத்தின் கண்ணுக்கு அது நியாயமான மாற்று ஏற்பாடு. ஸ்கேட்டர்களோ அசையவில்லை. மூன்று தலைமுறை விழுந்து எழுந்த தரை அது. தினமும் அங்கேயே மேசை போட்டு உட்கார்ந்து, ஆற்றங்கரையில் நடந்துபோன ஒவ்வொருவரிடமும் பேசினார்கள். ஒன்றரை லட்சம் பேர் அவர்கள் பக்கம் சேர்ந்தார்கள். 27,000க்கும் மேற்பட்ட ஆட்சேப மனுக்கள் குவிந்தன. 2014 செப்டம்பரில் கலை மையமும் ஸ்கேட்டர்களும் உடன்பாட்டுக்கு வந்தார்கள். அந்த இடம் அவர்களுக்கே நிலைத்தது. பிறகு இரு தரப்பும் சேர்ந்து நிதி திரட்டி, நெடுநாள் அடைபட்டிருந்த ஒரு பகுதியைச் சீரமைத்து 2019இல் திறந்தார்கள். ஒன்றரை ஆண்டு சண்டைக்குப் பிறகு உட்கார்ந்து பேசியதை முதல் நாளே பேசியிருக்கலாம்.

இனி நம் ஊரில் ஸ்கேட்பார்க்கை எதிர்ப்பவர்களின் பக்கத்துக்கு வருவோம். “சத்தம் தாங்காது”, “வேற்றுத் தெருப் பையன்கள் வந்து கூடுவார்கள்”, “ராத்திரி பத்து மணிவரை போக மாட்டார்கள்”. இப்படிச் சொல்கிறவர்களைப் பிள்ளைகளின் எதிரிகள் என்று ஒதுக்கக் கூடாது. உழைத்து வீடு கட்டி, அமைதியை நம்பிக் குடிவந்தவர்களின் கவலை நியாயமானது. அதற்கு நியாயமான பதிலும் உண்டு. பலகையாலும் இரும்புத் தகட்டாலும் செய்த சரிவுகள் உள்ளே வெற்றிடமாக இருப்பதால் பலகை மோதும்போது அதிரும். தரையோடு தரையாக வார்த்த சிமென்ட் தளம் அப்படி அதிராது. சக்கரம் உருளும் ஓசை குறைவு. பலகை தரையில் ‘டப்’ என்று அறையும் ஓசைதான் தூரம் போகும். எனவே என்ன பொருளில் கட்டுகிறோம், வீட்டு ஜன்னலிலிருந்து எவ்வளவு தள்ளிக் கட்டுகிறோம், விளக்கை எத்தனை மணிக்கு அணைக்கிறோம் என்பதைப் பேசித் தீர்மானிக்கலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, உத்தேசித்த இடத்திலேயே நாலைந்து பிள்ளைகளை ஒரு மணி நேரம் ஓட்டச் சொல்லுங்கள். பக்கத்து வீட்டுக்காரர்கள் தங்கள் மொட்டை மாடியில் நின்று காதால் கேட்டுப் பார்க்கட்டும். நூறு விளக்கம் சொல்வதைவிட இது பயன் தரும்.

பெரிய இடம் இல்லையே என்றும் தயங்க வேண்டாம். சியாட்டில் நகரம் 2007இல் வகுத்த திட்டத்தில் ஸ்கேட் இடங்களை அளவு வாரியாகப் பிரித்தது. ஆகச் சிறியது 1,500 சதுர அடிக்கும் குறைவு. நம் கணக்கில் அதிகம் போனால் அரை கிரவுண்டுக்குக் கொஞ்சம் மேலே. இருக்கிற பூங்காவின் ஒரு மூலையே போதும். எல்லாக் கூட்டமும் ஒரே தெருவில் வந்து குவியாமல், நாலு பேட்டைக்கு நாலு சின்ன இடம் என்று பிரித்துவிட்டால் எதிர்ப்பும் தணியும், பிள்ளைகளும் வீட்டுக்குப் பக்கத்திலேயே இருப்பார்கள். தமிழ்நாட்டில் 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு போட்டால் சாலை நீங்கலாகப் பத்து விழுக்காடு நிலத்தைத் திறந்தவெளியாக உள்ளாட்சிக்குக் கொடுத்தாக வேண்டும். அப்படிக் கிடைத்த துண்டு நிலங்கள் உங்கள் பகுதியிலும் இருக்கும். எங்கே இருக்கின்றன என்று கவுன்சிலரிடம் கேளுங்கள்.

பேசுவதற்கு மேடையும் இருக்கிறது. கிராமத்தில் கிராம சபை. நகரத்தில் 2022இல் வந்த விதிகளின்படி வார்டு குழுவும் பகுதி சபையும். இவற்றில் உறுப்பினராக வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். பதினெட்டு வயது ஆகாத பிள்ளைக்கு அங்கே குரல் இல்லை. அந்தக் குரலாக நிற்க வேண்டியது நாம்தான். சும்மா “என் பையன் கேட்கிறான்” என்று சொல்லாமல், அவன் சொன்னதை எழுதி எடுத்துப் போக வேண்டும்.

இந்த விடுமுறையில் உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் தெருப் பிள்ளைகளோடு ஒரு மாலை பகுதியைச் சுற்றி நடந்து வாருங்கள். அவர்களுக்குப் பிடித்த மூன்று இடங்களைக் குறிக்கச் சொல்லுங்கள். ஏன் பிடிக்கிறது என்று ஒவ்வொன்றுக்கும் காரணம் கேளுங்கள். பெண் பிள்ளைகளைத் தனியாகக் கேளுங்கள். அவர்கள் சொல்லும் காரணங்கள் வேறாக இருக்கும். பிறகு அந்த மூன்று இடங்களுக்கும் எதிரே குடியிருப்பவர்களின் வீட்டுக் கதவைத் தட்டி, என்ன சங்கடம் வரும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். அந்த இரண்டு பட்டியலையும் ஒரே தாளில் எழுதி அடுத்த பகுதி சபையில் கொடுங்கள். நகல் ஒன்றை எங்களுக்கும் அனுப்புங்கள். வருகிற கடிதங்களை வரும் இதழ்களில் வெளியிடுகிறோம். ஒரு வார்டு செய்தது இன்னொரு வார்டுக்கு வழிகாட்டும்.

ஸ்கேட்பார்க் கைகூட நாளாகலாம். ஆனால் தன்னைக் கூட்டிப் போய் இடம் காட்டச் சொல்லி, தான் சொன்னதைப் பெரியவர்கள் எழுதிக்கொண்டதைப் பார்த்த பிள்ளை, தன் ஊரைத் தன்னுடையதாக நினைத்துப் பேணும். அந்தப் பலன் இப்போதே கிடைக்கும்.

அன்புடன்,
ஆசிரியர்