மேட்டுக்காட்டின் முதல் வாசகர்கள்

வைப்பாற்றங்கரையில், வெம்பக்கோட்டையை அடுத்த விஜயகரிசல்குளம் மேட்டுக்காட்டில் தமிழகத் தொல்லியல் துறை 2022 மார்ச்சில் அகழாய்வைத் தொடங்கியது. சங்கு வளையல்கள், கண்ணாடி மணிகள், சுடுமண் உருவங்கள், திமில் காளை செதுக்கிய சூதுபவளக் கல் என அடுத்தடுத்த கட்டங்களில் ஆயிரக்கணக்கான பொருட்கள் வெளிவந்தன. அறுத்தும் முடிக்காமல் விட்ட சங்குகள் அங்கே வளையல் தொழில் நடந்ததைக் காட்டுகின்றன. கைத்தொழிலாளர்களின் ஊர் அது. இன்றும் அப்படித்தான்: அதே வட்டாரத்தில் ஆயிரக்கணக்கானோர் பயராபீஸ் எனும் பட்டாசு ஆலையிலும் தீப்பெட்டி ஆபீசிலும் விரல் நுணுக்கத்தை நம்பிப் பிழைக்கிறார்கள். சிவகாசியை ஒட்டிய திருத்தங்கல்தான் சங்கப் புலவர் தங்கால் பொற்கொல்லன் வெண்ணாகனாரின் ஊர் என்பார்கள். ஆனால் இந்தத் தொன்மையைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் வேலைநாளில், கல்லூரி அரங்கில், ஆய்வுத் தமிழில் நடக்கிறது. எண்ணிக்கைக்குக் கூலி வாங்கும் பெண் ஒரு நாள் கூலியை இழந்துதான் அங்கே வர முடியும்.

தொல்லியல் அமைப்புகள் இந்தத் தொழிலாளர்களைத் தங்கள் முதல் வாசகர்களாகக் கொள்ள வேண்டும் என்பதே எங்கள் வாதம். ஆய்வின் தரம் குறைந்துவிடும் என்ற அச்சம் மதிக்கத்தக்கது. தமிழகத் தொல்லியல் கழகத்தின் ‘ஆவணம்’ இதழ் 1991 முதல் கல்வெட்டுகளைப் பாடத்துடன் அச்சிட்டு வருகிறது. அந்தக் கறார் ஓர் எழுத்தளவும் தளரக் கூடாது. ஆனால் எளிமையாகச் சொல்வது தளர்த்துவது ஆகாது. மதுரையில் 2010இல் தொடங்கிய பசுமை நடை என்ற அமைப்பு, கல்வெட்டறிஞர் சொ. சாந்தலிங்கம் போன்றோரைக் குன்றின் அடியிலேயே நிறுத்திப் பொதுமக்களிடம் பேச வைத்தது. அரிட்டாபட்டிக்கும் அது சென்றது. 2024இல் அப்பகுதியில் டங்ஸ்டன் சுரங்க ஏலம் அறிவிக்கப்பட்டபோது, அவ்வூர் மக்கள் தமிழி கல்வெட்டையும் பாண்டியர் குடைவரையையும் தங்கள் சான்றாக முன்வைத்தார்கள். 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது. நடை மட்டுமே அதைச் சாதித்தது என்று சொல்ல மாட்டோம். ஆனால் ஊருக்குத் தெரிந்த கல்வெட்டுக்குத்தான் ஊர் காவல் நிற்கும்.

இடத்தைச் சொன்னால் புதையல் தேடுவோர் தோண்டுவார்கள், சாதிப் பெருமை பேசுவோர் கல்வெட்டைத் தங்கள் பட்டயமாக்குவார்கள் என்பது அடுத்த மறுப்பு. இரண்டும் இப்போதே நடக்கின்றன. அறிஞர்களின் மௌனம் எதையும் தடுக்கவில்லை. சரியான வாசிப்பு போய்ச் சேராத ஊரில்தான் பொய்யான வாசிப்பு வேரூன்றுகிறது.

இந்த மண்ணில் அணுகல் என்பதற்கு இன்னொரு கடுமையான பொருளும் உண்டு. 2012இல் முதலிப்பட்டியில் முப்பதுக்கும் மேற்பட்டோரைக் கொன்றது போன்ற பட்டாசு ஆலை வெடிவிபத்துகளில் உயிர் தப்பியவர்கள் கையை, கண்ணை, செவியை இழந்து வாழ்கிறார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் மணியும், படியேறிப் பார்க்க வேண்டிய குடைவரையும் அவர்களுக்கு எட்டாதவை. தொட்டறிய நகல்கள், சைகை மொழியில் விளக்கம், சக்கர நாற்காலி போகும் வழி ஆகியவற்றை 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துக்குப் பிறகு யாரும் சலுகையாகப் பேசக் கூடாது. செலவுக்கு எங்கே போவது என்றால், அச்சுக்கூடங்கள் நிறைந்த ஊர் சிவகாசி. தமிழ்நாட்டு வீடுகளில் தொங்கும் தினசரி காலண்டர்களில் பெரும்பங்கு இங்கே அச்சாகிறது. தாளுக்கு ஒரு கல்வெட்டுச் செய்தியோ ஓர் அகழாய்வுப் பொருளோ சேர்க்கப் பெரும் பணம் வேண்டாம். அறிஞர்கள் எழுதித் தந்தால் போதும்.

தீபாவளி முடிந்ததும் பட்டாசு ஆலைகள் சில வாரம் மூடியிருக்கும். வரலாற்று அமைப்புகளின் நண்பர்களே, உங்கள் இந்த ஆண்டுக் கருத்தரங்கை அந்த நாட்களில் விஜயகரிசல்குளத்திலேயே நடத்துங்கள்.