பேரலைப் பழிக்கும் முன் கட்டையைப் பாருங்கள்

ஐப்பசி மழை நாலு நாள் விடாமல் பெய்தால் எங்கள் வீட்டுக் கொல்லைக் கதவு நிலையில் சிக்கிக்கொள்ளும். பங்குனி வெயில் ஏறியதும் அதே கதவு லொடலொடவென்று ஆடும். அதற்காகக் கதவையே யாரும் கழற்றி எறிவதில்லை. ஆசாரியைக் கூப்பிட்டு இரண்டு இழைப்பு இழைக்கச் சொல்கிறோம். ஆனால் மரக்கட்டையில் உட்கார்ந்திருக்கும் ரைஃபிள் குறி தப்பினால் மட்டும் உடனே "பேரல் போச்சு" என்று தீர்ப்பு எழுதிவிடுகிறோம். அது பெரும்பாலும் அவசரத் தீர்ப்பு என்பது என் கருத்து.

துப்பாக்கிக்கும் எனக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். நான் சுட்டதில்லை. வருவாய்த் துறையில் எழுத்தராக இருந்தபோது சில ஆண்டுகள் ஆயுத உரிமக் கோப்புகளைப் பார்த்தவன், அவ்வளவுதான். 1997இல் நாமக்கல் தனி மாவட்டம் ஆவதற்கு முன்பு இந்தச் சமவெளி முழுவதும் சேலம் மாவட்டமே. ஒற்றைக் குழல், இரட்டைக் குழல், மலையடிவாரத்தில் வாய் வழியாக மருந்து கெட்டிக்கும் நாட்டுத் துப்பாக்கி, சில பண்ணை வீடுகளில் .315 ரைஃபிள் என்று பதிவேட்டில் வரிசையாக இருக்கும்.

இந்த .315 மேற்கு வங்கத்தில் இஷாப்பூர் தொழிற்சாலையில் செய்யப்படுவது. 1904இல் தொடங்கிய அந்தத் தொழிற்சாலைதான் ராணுவத்துக்கு லீ-என்ஃபீல்டு ரைஃபிள்களைச் செய்து கொடுத்தது. ராணுவத்தின் .303 தோட்டாவைப் பொதுமக்கள் வைத்திருக்கக் கூடாது என்பதால், அதே குடும்பத்து ரைஃபிளை .315 அளவில் செய்து விற்றார்கள்.

ரைஃபிளில் தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டி வெடிக்க வைக்கும் பகுதிக்கு ஆக்ஷன் என்று பெயர். அதன் முன்னால் பேரல் மரையிட்டு முறுக்கப்பட்டிருக்கும். இரண்டையும் தாங்குவது கட்டை. பல ரைஃபிள்களில் கட்டை ஒரே துண்டாக இருக்கும். லீ-என்ஃபீல்டு வகையில் தோளில் வைக்கும் பின்கட்டை தனி, பேரலுக்கு அடியில் வரும் முன்கட்டை தனி. வெடித்தவுடன் ஆக்ஷன் பின்னால் உதைக்கும். அந்த உதையை முன்கட்டையின் பின்கோடியில் இருபுறமும் உள்ள சிறிய மர முகங்கள் ஒரே சமயத்தில் வாங்க வேண்டும். ஒரு பக்கம் ஒட்டியும் மறுபக்கம் இடைவெளி விட்டும் இருந்தால் ஒவ்வொரு வெடிக்கும் ஆக்ஷன் கோணலாக நகரும். நாளடைவில் மரம் நசுங்கும், பிளக்கும்.

பேரலும் சும்மா இருப்பதில்லை. தோட்டா உள்ளே ஓடும்போதே அது வீணைத் தந்தி போல அதிர்கிறது. கட்டை அதன் விலாவில் ஒரு பக்கம் இடித்துக்கொண்டிருந்தால் அந்த அதிர்வு மாறும். சுடச்சுடப் பேரல் சூடேறி விரிய, இடிப்பு இன்னும் அழுத்தமாகும். முதல் குண்டு நேராகப் போகும், மூன்றாவது வலப்பக்கம் விலகும். பேரலின் உள்மரைகள் புத்தம் புதிதாக இருந்தாலும் இப்படித்தான் நடக்கும்.

புதுச்சேரியில் நான் பிரெஞ்சு வழியில் படித்த காலத்தில், பிரெஞ்சு ராணுவத்தில் சொல்தாவாக இருந்து திரும்பிய மாமா ஒருவர் எங்கள் வீட்டில் இருந்தார். ஆயுதப் பட்டறையில் வேலை பார்த்தவர். இரும்பை மரத்தில் படிய வைக்கும் வேலைக்குப் பிரெஞ்சில் 'மீஸ் ஆ புவா' என்று பெயர், மரத்தில் இருத்துதல் என்று அர்த்தம். "குழல் செய்கிறவன் ஒருத்தன், கட்டையில் இருத்துகிறவன் இன்னொருத்தன், ரெண்டு பேருக்கும் ஒரே மரியாதை" என்பார். நம் ஊரில் அந்த இரண்டாவது ஆளுக்குப் பெயரே இல்லை.

2019இல் ராசிபுரம் பக்கத்து விவசாயி ஒருவர் என்னைப் பார்க்க வந்தார். அப்பா காலத்து .315. மார்ச் 10ஆம் தேதி தேர்தல் அறிவிப்பு வந்ததும் வழக்கம்போல ஒப்படைத்திருக்கிறார். மே 23 வாக்கு எண்ணிக்கை முடிந்த பிறகுதான் கைக்கு வந்தது. இரண்டரை மாதம், அதுவும் நம் ஊர்க் கோடை. திரும்பி வந்த பிறகு குறி நிற்கவில்லை.

"பேரல் தேஞ்சுபோச்சுங்கறாங்க சார். புதுசு போட வழியில்லீங்க. சரண்டர் பண்ணிரலாம்னு இருக்கறனுங்க" என்றார்.

எழுதிக் கொடுக்கும் முன் ஒரு தடவை கட்டையைப் பார்க்கச் சொன்னேன். உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவர் ஒருவரிடம் போனோம். இரும்பு வேலையில் கெட்டிக்காரர். மரம் தனக்கு வராது என்று ஒப்புக்கொண்டு, தன் கடையிலேயே, தன் கண்ணெதிரிலேயே ஒரு பெரிய ஆசாரியை வைத்துப் பார்த்தார். ஆசாரி செய்தது எளிய சோதனை. விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்து இரும்பின் அடியில் மெல்லிசாகத் தடவினார். கட்டையில் உட்கார வைத்து, திருகை முடுக்கி, மறுபடி கழற்றினார். கரி பட்ட இடத்தில்தான் இரும்பு தொடுகிறது. பின்கோடியில் வலது முகத்தில் கரி இருந்தது, இடது முகத்தில் இல்லை. முன்னால் பேரலின் இடது விலா பட்டு மரம் பளபளவென்று தேய்ந்திருந்தது.

"பேரலுக்கு ஒண்ணும் ஆகலீங்க. கட்டை ஒரு பக்கமாத் தள்ளுது" என்றார் ஆசாரி.

இடித்த இடத்தில் ஒரு தாள் தடையில்லாமல் ஓடும் அளவுக்குச் சீவினார். பின்கோடியின் இடைவெளியை எபாக்சி பசையால் நிரப்பினார்கள். இரும்பில் முதலில் மெழுகு பூசினார்கள், இல்லையென்றால் ஆக்ஷனும் கட்டையும் ஒன்றாக ஒட்டிப் போகும். பிறகு சுடுதளத்தில் 50 மீட்டரில் ஐந்து குண்டுகள். முன்பு சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குச் சிதறியவை இப்போது உள்ளங்கைக்குள் அடங்கின.

பேரல் கட்டையைத் தொடவே கூடாது என்பவர்கள் உண்டு, முன்பக்கம் கொஞ்சம் தாங்க வேண்டும் என்பவர்களும் உண்டு. ராணுவ லீ-என்ஃபீல்டில் வாய்க்கு அருகே பேரலை மேல் நோக்கித் தள்ள ஒரு ஸ்பிரிங் முளையே வைத்திருந்தார்கள். இரண்டும் பலன் தரும் முறைகள்தான். தொடுவதானால் நினைத்த இடத்தில், எல்லாக் காலத்திலும் ஒரே மாதிரி தொட வேண்டும். ஐப்பசிக்கு ஒன்று பங்குனிக்கு ஒன்று என்று மாறக் கூடாது.

இனி என் குறை. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி துப்பாக்கியைப் பழுதுபார்க்கவும் தனி உரிமம் வேண்டும். அது சரியான சட்டம், தளர்த்தச் சொல்ல மாட்டேன். ஆனால் உரிமம் உள்ளவருக்கு மரம் தெரிவதில்லை, மரம் தெரிந்தவருக்கு உரிமம் இல்லை. உரிமம் பெற்ற கடைகள் தங்கள் கூரைக்குக் கீழே ஒரு நல்ல மரவேலைக்காரரைப் பழக்க வேண்டும். ஒப்படைக்கும்போது தரும் ரசீதில் எண்ணும் அளவும் எழுதுவது போல, கட்டையின் நிலை பற்றி ஒரு வரி எழுத வேண்டும். வைக்கும் இடம் ஈரத் தரையாகவும் வெயில் காயும் தகரக் கூரையடியாகவும் இல்லாமல் இருந்தால் போதும். உரிமையாளரும் எண்ணெயைக் கொட்டி நிமிர்த்தி வைக்கக் கூடாது. அது கீழிறங்கி ஆக்ஷனைச் சுற்றியுள்ள மரத்தை ஊற வைத்து மெதுவாக்கிவிடும்.

இது துப்பாக்கிப் பிரியர்களின் சில்லறை விஷயம் அல்ல. ரைஃபிள் குண்டு கிலோமீட்டர் கணக்கில் போகக்கூடியது. நம் சமவெளியிலோ காட்டுக்குக் காடு வீடு. குறி தப்பிய குண்டு எங்கே போய் விழும் என்று யாரால் சொல்ல முடியும்?

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பணியில் இருந்தபோது ஒரு வயதானவர் இதே காரணம் சொல்லி ரைஃபிளை ஒப்படைத்தார். "பேரல் பழுது, பயனற்றது" என்று கோப்பில் குறிப்பு எழுதியவன் நான்தான். யாரும் கட்டையைக் கழற்றிப் பார்க்கவில்லை. பதிவேட்டில் அதற்கு ஒரு கலமும் இல்லை. அப்போது எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. ராசிபுரத்துக்காரர் தன் ரைஃபிளைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனபோது, அந்தப் பெரியவரின் முகம்தான் என் நினைவுக்கு வந்தது.