கொறங்காட்டு வேலியும் சூரிய மின்கருவியும்

காங்கேயம், வெள்ளகோவில், மூலனூர், தாராபுரம் முதலிய ஊர்களைச் சுற்றியுள்ள மேய்ச்சல் நிலங்களில் தெருநாய்கள் இரவு வேளையில் கூட்டமாகப் புகுந்து ஆடுகளைக் கடித்துக் குதறிவிட்டுப் போவதும், விடிந்தபின் வந்து பார்க்கும் குடியானவர்கள் இறந்த ஆடுகளைச் சாலையில் கிடத்தி நஷ்டஈடு கேட்டுப் போராடுவதும் சில ஆண்டுகளாகப் பத்திரிகைகளில் அடிக்கடி இடம்பெறும் செய்திகளாகிவிட்டன. நாய்களை என்ன செய்வது என்பது நீதிமன்றங்களும் உள்ளாட்சி மன்றங்களும் சேர்ந்து தீர்க்க வேண்டிய பெரிய விவகாரம்; அது தீர்கிறவரை ஆடு வளர்ப்பவர் கைகட்டிக்கொண்டு இருக்க முடியாது. ஆகவே சூரிய மின்வேலியை நாடுவோரின் தொகை பெருகிவருவது இயல்பே. ஆனால் அந்த வேலிக்கு ஜீவநாடியாக உள்ள எனர்ஜைசர் என்னும் மின்கருவியைத் தேர்ந்தெடுக்கும் காரியம் பெரும்பாலும் விற்பவரின் வாய்ச்சொல்லை நம்பியே நடைபெறுகிறது என்பதும், அதனால் செலவழித்த பணம் வீணாவதோடு, வேலி போட்டும் ஆடு போயிற்றே என்ற மனத்தளர்ச்சியும் உண்டாகிறது என்பதும் மிகவும் வருந்தத்தக்கவை. நமது மண், நமது வேலியின் நீளம், நாம் தடுக்க விரும்பும் பிராணி ஆகிய இம்மூன்றையும் வைத்தே கருவியை நிர்ணயிக்க வேண்டும். அட்டைப்பெட்டியின்மேல் அச்சிட்டிருக்கும் வோல்ட் கணக்கை வைத்து நிர்ணயிக்கலாகாது என்பது எனது உறுதியான அபிப்பிராயம்.

கொறங்காடு என்பதை அறியாத வெளியூர் வாசகர்களுக்காக அதைப்பற்றிச் சற்று விரிவாகச் சொல்லுவது அவசியமாகிறது. மழை குறைந்த கொங்கு நாட்டின் கீழ்ப்பகுதியில், சரளை கலந்த மேட்டு நிலத்தில், கொழுக்கட்டைப் புல்லும் நரிப்பயற்றுக் கொடியும் தாமாகவே முளைத்துப் பரவ, இடையிடையே வெள்வேல மரங்கள் நிழலும் கோடைக்காலத்தில் தீவனமாகக் காய்களும் தர, நாற்புறமும் கிளுவைப் போத்துகளை நெருக்கமாக நட்டு வளர்த்த உயிர்வேலி காவலாக நிற்க, தலைமுறை தலைமுறையாகக் காங்கேயம் மாடுகளும் மயிலம்பாடிச் செம்மறிகளும் மேய்ந்துவரும் தனியார் மேய்ச்சல் நிலமே கொறங்காடு. மேய்ப்பவர் நாளெல்லாம் பின்னே நடக்க வேண்டியதில்லை. கடவை அடைத்துவிட்டால் போதும், கால்நடைகள் உள்ளே நிம்மதியாக இருக்கும். இரவிலும் ஆடுகளை அங்கேயே விட்டுவைக்கும் பழக்கம் பலரிடம் உண்டு. இந்த ஏற்பாடு முழுவதும் கிளுவை வேலியின்மீது வைத்த நம்பிக்கையால் நடந்துவந்தது. அந்த வேலி மாட்டையும் ஆட்டையும் உள்ளே நிறுத்த வல்லதேயன்றி, வெளியிலிருந்து வரும் நாயைத் தடுக்கும் உத்தேசத்தோடு அமைந்ததன்று. முதிர்ந்த கிளுவையின் அடித்தூருக்கும் தூருக்கும் இடையே ஒரு நாய் நுழையும் சந்து எளிதில் கிடைத்துவிடும்.

இதைக் கண்ட சிலர் கிளுவையை வேரோடு பிடுங்கியெறிந்துவிட்டுக் கல்தூணும் கம்பியும் நடுகிறார்கள். இது எனக்குச் சிறிதும் உடன்பாடில்லை. காற்றைத் தடுத்து மண்ணை நிறுத்துவதும், பறவைகளுக்கு உறைவிடமாவதும், பஞ்சகாலத்தில் தழையாக ஆட்டின் வயிற்றை நிரப்புவதும் ஆகிய உபகாரங்களை எந்தக் கம்பியும் செய்யாது. இழந்த வேலியை மீண்டும் வளர்க்கப் பல மழைக்காலங்கள் காத்திருக்க வேண்டும். கிளுவை வெளிக்காவலாக அப்படியே இருக்க, அதற்கு மூன்றடி உள்ளே தள்ளி மின்கம்பிகளை இழுத்தால், தழை கம்பியில் உரசி மின்சாரம் கசிவதும் நேராது. சாலையில் போகிற குழந்தையின் கை தவறிப் படுவதும் நேராது.

மின்வேலி என்பது உடம்பைத் தடுக்கும் சுவரன்று. மனத்தைத் தடுக்கும் எச்சரிக்கை. 1930-களில் நியூசிலாந்தின் ஹாமில்டன் நகரத்தில் பில் கலாகர் என்பவர் இதற்கான கருவியைச் செய்து பரப்பத் தொடங்கிய நாள்முதல் இன்றுவரை இதன் அடிப்படை மாறவில்லை. கருவி மின்சாரத்தைத் தொடர்ச்சியாகச் செலுத்துவதில்லை. ஏறக்குறைய ஒரு விநாடிக்கு ஒருமுறை, ஒரு விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரம் நீடிக்கும் துடிப்பாகச் செலுத்துகிறது. அழுத்தம் பல ஆயிரம் வோல்ட் இருந்தாலும், துடிப்பின் நேரம் மிகச் சிறிதாகையால் தொட்ட பிராணிக்கு வலி உண்டாகிறது, பிராணாபாயம் நேருவதில்லை. துடிப்புக்கும் துடிப்புக்கும் இடையே விலகிப்போக அவகாசமும் கிடைக்கிறது. ஒருமுறை மூக்கில் பட்ட நாய் அந்தப் பக்கம் மறுபடியும் வர அஞ்சும்.

வீட்டு மின்சாரத்தை நேராகக் கம்பியில் கொடுப்பதற்கும் இதற்கும் உள்ள பேதம் உயிருக்கும் சாவுக்கும் உள்ள பேதம். 2023-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் தர்மபுரி மாவட்டம் மாரண்டஹள்ளி அருகே, பயிரைக் காக்கச் சட்டவிரோதமாக மின்சாரம் பாய்ச்சிய கம்பியில் சிக்கி மூன்று யானைகள் மாண்டதையும், தாயை இழந்த இரண்டு குட்டிகள் அவ்விடத்தையே சுற்றிச்சுற்றி வந்ததையும் நாடே கண்டு வருந்தியது. மனிதர்களும் இவ்வாறே மாண்டிருக்கிறார்கள். எத்தனை ஆடு போயிருந்தாலும் இந்தக் காரியத்தைச் செய்ய ஒருவருக்கும் உரிமையில்லை. அதே ஆண்டில் தமிழக அரசு மின்வேலிகளைப் பதிவுசெய்யவும் ஒழுங்குபடுத்தவும் தனி விதிகளைக் கொண்டுவந்தது. காட்டையொட்டி நிலம் வைத்திருப்பவர்கள் வனத்துறையின் அனுமதியைப் பெற்ற பிறகே வேலைதொடங்க வேண்டும். கருவி இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 302-2-76 என்ற தரத்துக்கு உட்பட்டதா என்று முதலில் கேளுங்கள். துடிப்புகளுக்கு இடையே ஒரு விநாடிக்குக் குறையாத இடைவெளியும், ஒரு துடிப்பில் வெளிவரும் ஆற்றலுக்கு 5 ஜூல் என்ற உச்சவரம்பும் அத்தகைய தரம் வகுக்கும் பாதுகாப்புகள். உள்ளூரில் யாரோ பூட்டித்தரும் பெட்டியில் இந்தப் பாதுகாப்புகள் இருப்பதாக நம்புவதற்கு ஆதாரம் ஏதுமில்லை.

இனி விற்பனையாளர் பெருமையாகச் சொல்லும் வோல்ட் கணக்கைப் பார்ப்போம். பத்தாயிரம் வோல்ட் என்கிறார். கம்பி ஒன்றும் இணைக்காத நிலையில் ஏறக்குறைய எல்லாக் கருவிகளும் அவ்வளவு காட்டும். புல்லும் ஈரமும் தொட்டுக் கசியும் நீண்ட வேலியில் அந்த அழுத்தம் நிற்குமா என்பதைத் தீர்மானிப்பது ஒவ்வொரு துடிப்பிலும் கருவி வெளிவிடும் ஆற்றல். அதன் அளவை ஜூல். ஒரு செம்புத் தண்ணீரை எத்தனை உயரத்திலிருந்து ஊற்றினாலும் வயல் நனையாது என்பது போன்றது இது. இதிலும் இரண்டு கணக்கு உண்டு: கருவி தன்னுள் தேக்கிவைக்கும் ஜூல் ஒன்று, வேலிக்கு வெளிவிடும் ஜூல் மற்றொன்று. பின்னது எப்போதும் குறைவாகையால், பெரிதாகத் தோன்றும் முன்னதையே விளம்பரத்தில் போடுகிறார்கள். வெளிவிடும் ஜூல் எவ்வளவு என்று கேட்டு, அதை ரசீதில் எழுதி வாங்க வேண்டும். இத்தனை கிலோமீட்டர் வேலிக்குப் போதும் என்று எழுதியிருப்பதும் புல் படாத ஒற்றைக் கம்பிக்குச் சொன்ன கணக்கு. பத்து ஏக்கர் சதுர நிலத்தின் சுற்றளவு சுமார் 800 மீட்டர். ஐந்து கம்பிகளில் மூன்றுக்கு மின்சாரம் கொடுத்தால் அதுவே ஏறக்குறைய இரண்டரைக் கிலோமீட்டர் ஆகிறது. இத்தகைய கொறங்காட்டுக்கு ஒன்று முதல் இரண்டு ஜூல் வரை வெளிவிடும் கருவி போதுமானது. அதற்கு மேற்பட்டது பேட்டரிக்குச் சுமையே தவிர வேறு பிரயோஜனமில்லை.

ஆனால் எவ்வளவு நல்ல கருவியை வாங்கினாலும் எர்த் சரியில்லாவிட்டால் அத்தனையும் வீண். நம் பகுதியில் தோற்றுப்போகும் வேலிகளில் பெரும்பாலானவை இங்கேதான் தோற்கின்றன. கம்பியிலிருந்து பிராணியின் உடம்பில் நுழைந்த மின்சாரம் அதன் காலின் வழியாக மண்ணில் இறங்கி, மண்ணின் ஊடே எர்த் கம்பியை அடைந்து கருவிக்குத் திரும்பினால்தான் வட்டம் முழுமையாகி அடி விழும். நியூசிலாந்தின் பசும்புல் தரையில் எப்போதும் ஈரம் இருக்கும். காங்கேயத்துச் சரளை மண்ணோ மாசி பிறந்தால் பாறையாக உலர்ந்துவிடுகிறது, உலர்ந்த மண் மின்சாரத்தைக் கடத்துவதில்லை. அங்கே எழுதிய வழிகாட்டியை இங்கே அப்படியே பின்பற்றுவது தவறு. ஆறடி நீளமுள்ள, துத்தநாகம் பூசிய இரும்பு எர்த் கம்பிகள் குறைந்தது மூன்றையாவது, ஒன்றுக்கொன்று பத்தடி இடைவெளியில், தண்ணீர்த் தொட்டி வழிகிற இடம் போன்ற ஈரமான பகுதியாகப் பார்த்து முழுவதும் அடிக்க வேண்டும். இரும்புக் கம்பியோடு செம்புக் கம்பியை இணைத்தால் அரிப்பு உண்டாகி இணைப்பு கெட்டுவிடும். வீட்டு மின்சாரத்தின் எர்த்திலிருந்து பத்து மீட்டருக்காவது விலகியிருப்பது அவசியம். இவை எல்லாவற்றுக்கும் மேலாக, வேலியில் மின்கம்பிக்கு அடுத்து எர்த்தோடு இணைத்த கம்பி, அதற்கு அடுத்து மின்கம்பி என்று மாற்றிமாற்றி இழுத்துவிட்டால், இரண்டுக்கும் நடுவே தலையை நுழைக்கும் நாயின் உடம்பிலேயே வட்டம் முடிந்துவிடும். மண் எவ்வளவு உலர்ந்திருந்தாலும் அடி விழும். நமது மண்ணுக்கு இதைவிடச் சிறந்த ஏற்பாட்டை நான் அறியேன்.

எர்த் நன்றாயிருக்கிறதா என்று பரிசோதிக்க ஓர் எளிய முறை உண்டு. கருவியை நிறுத்திவிட்டு, அதிலிருந்து நூறு மீட்டருக்கு அப்பால் சில இரும்புக் கம்பிகளைத் தரையில் ஊன்றி மின்கம்பியின்மீது சாய்த்து வைத்து, மீண்டும் இயக்கினால் வேலியின் அழுத்தம் 2000 வோல்ட்டுக்குக் கீழே இறங்க வேண்டும். அந்த நிலையில் எர்த் கம்பியின் தலைக்கும், அதிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி மண்ணில் ஊன்றிய வேறொரு கம்பிக்கும் இடையே அளந்தால் 300 வோல்ட்டுக்கு மேல் காட்டலாகாது. காட்டினால் இன்னும் எர்த் கம்பிகள் வேண்டும் என்று பொருள். இதைப் பங்குனி, சித்திரையில் செய்து பார்ப்பதுதான் சரியான பரீட்சை.

பேட்டரியும் பேனலும் கணக்குக்கு உட்பட்ட சங்கதிகள். 12 வோல்ட்டில் கால் ஆம்பியர் இழுக்கும் கருவி ஒரு நாளில் 6 ஆம்பியர்-மணி செலவழிக்கும். ஐப்பசி, கார்த்திகையில் ஐந்து நாள் வெயிலே தலைகாட்டாமல் போகலாமாகையால் 30 ஆம்பியர்-மணி கையிருப்பு வேண்டும். ஈய-அமில பேட்டரியைப் பாதிக்கு மேல் வற்றவிட்டால் அதன் ஆயுள் குறையுமாதலால் 60 ஆம்பியர்-மணி பேட்டரியே தக்கது. இந்த அன்றாடச் செலவை மேகமூட்டமுள்ள மாதத்திலும் ஈடுகட்ட 40 வாட் பேனலாவது வேண்டும். பேனல், பேட்டரி, கருவி மூன்றையும் ஒரே பெட்டியில் அடக்கிய சிறு சாதனங்கள் பார்வைக்கு அழகாயிருப்பினும், அவற்றுள் இருக்கும் பேட்டரி மிகச் சிறிது. பழுதானால் உள்ளூரில் மாற்றும் கிடைக்காது. தனித்தனியாக வாங்குவதே நல்லது. பேனல் வெள்வேல நிழல் படாத இடத்தில் தெற்கு நோக்கிச் சற்றுச் சாய்ந்திருக்கட்டும். கருவியும் பேட்டரியும் நிழலில் பூட்டிய பெட்டிக்குள் இருக்கட்டும். ஆளில்லாக் காட்டில் பேட்டரி களவு போவது புதிதன்று.

கம்பிகளைப் பொறுத்தவரை ஒன்றைமட்டும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். நாய் தாண்டி வருவதைவிடக் குனிந்து நுழைவதே அதிகம். ஆகையால் முதல் மின்கம்பி தரையிலிருந்து ஆறு அங்குலத்தில் இருக்க வேண்டும், அடுத்தவையும் கீழ்ப்பகுதியில் நெருக்கமாக இருக்க வேண்டும். அவ்வளவு தாழ்வான கம்பியைப் புல் விரைவில் தொட்டுவிடுமாதலால் மழைக்காலத்தில் அடிக்கடி செதுக்க வேண்டியிருக்கும். அதற்கு மனமில்லாதவர் மின்வேலி போடாமலிருப்பதே மேல். பழைய முள்கம்பியில் ஒருபோதும் மின்சாரம் கொடுக்கலாகாது. அதில் சிக்கிய பிராணியோ மனிதனோ விடுபட முடியாமல் மீண்டும் மீண்டும் அடிபட நேரும். வழிநடைப் பாதையோரத்தில் எச்சரிக்கைப் பலகை தொங்கவேண்டும் என்பதைச் சொல்லவே வேண்டியதில்லை.

அரசுக்கு ஒரு வேண்டுகோள். வேளாண்மைப் பொறியியல் துறை சூரிய மின்வேலிக்கு மானியம் அளித்துவந்திருக்கிறது. அந்த உதவி பயிர் செய்வோருக்கு மட்டுமன்றிக் கொறங்காட்டில் ஆடு வளர்ப்போருக்கும் தடையின்றிக் கிடைக்கச் செய்ய வேண்டும். மானியத் தொகையை வேலியின் நீளத்தை மாத்திரம் அளந்து கொடுத்துவிடாமல், தரச் சான்று, வெளிவிடும் ஜூல், எர்த் பரிசோதனை, வேலியின் கடைக்கோடியில் எடுத்த வோல்ட் அளவு ஆகியவற்றைப் பதிவுசெய்த பிறகே விடுவிக்க வேண்டும். வேலியோடு ஓர் அளவுமானியையும் கொடுத்து, அதைப் பயன்படுத்தும் விதத்தை வீட்டிலுள்ள பெண்களுக்கும் சேர்த்துக் கற்பிக்க வேண்டும். ஆடுகளைக் கவனிப்பவர்கள் பெரும்பாலும் அவர்களே.

வாங்கப்போகும் குடியானவர்களுக்குச் சொல்லுவது இது: வேலை முடிந்த அன்றே முழுப் பணத்தையும் எண்ணிக் கொடுத்துவிடாதீர்கள். கருவியிலிருந்து மிகத் தொலைவில் உள்ள கம்பத்தினருகே விற்பனையாளரை அழைத்துச்சென்று, உங்கள் கண்ணெதிரே அளக்கச் சொல்லுங்கள். அங்கே 4000 வோல்ட் காட்டினால் பாக்கியைக் கொடுங்கள். காட்டாவிட்டால், காட்டும்வரை ஒரு காசும் கொடுக்காதீர்கள்.