வெட்டுண்ட பிந்தாங்கோர்

போர்னியோத் தீவின் சரவாக் மாநிலத்திலே, லுண்டு என்னும் ஊருக்கருகிலுள்ள வனத்தில், அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிலையத்துக்காக 1987ஆம் ஆண்டில் தாவரங்களைச் சேகரித்தவர்கள், பிந்தாங்கோர் மரமொன்றின் இலைகளையும் சுள்ளிகளையும் பறித்து உலர்த்தி அனுப்பினார்கள். நம் கடற்கரைப் புன்னைக்கு உறவான அம்மரத்தின் சாற்றிலே, எய்ட்ஸ் கிருமி பல்கிப் பெருகுவதற்கு இன்றியமையாத நொதியைத் தடுத்து நிறுத்தும் 'கலனோலைட் ஏ' என்னும் வஸ்து இருப்பது பின்னர் பரிசோதனையிலே புலனாயிற்று. ஆனால், மேலும் இலை வேண்டுமென்று ஆவலோடு திரும்பிச் சென்றவர்களுக்கு அம்மரம் காணக் கிடைக்கவில்லை; அதனை யாரோ வெட்டிவிட்டிருந்தார்கள். அதே ஜாதி மரங்கள் அவ்வட்டாரத்தில் வேறு நின்றும், அவற்றிலே அவ்வஸ்து போதிய அளவு கிட்டவில்லை. சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவில் எந்நாளோ நட்டு வளர்த்த மரங்களே இறுதியில் கை கொடுத்தன.

ஆய்வுக்கூடத்தில் தோன்றும் நம்பிக்கைகளுள் பெரும்பாலானவை மருந்தாகக் கனிவதில்லை என்பது மெய்யே. கலனோலைடும், மனிதர்களிடம் சோதிக்கப்பட்டும், இன்றளவும் விற்பனைக்கு வரவில்லை. அதனால் தேடலே வீண் என்று சொல்வோரின் வாதத்தை நான் ஏற்கமாட்டேன். சரவாக் அரசு 1996இல் அம்மருந்தாராய்ச்சியிலே கூட்டுப் பங்காளியாகச் சேர்ந்தது போல, வெப்பமண்டல நாடுகள் யாவும் தத்தம் வனச் செல்வத்தின் ஆராய்ச்சியிலும் ஆதாயத்திலும் உரிமை கோர வேண்டும். கோடரி விழுமுன் மரங்களை ஆராய்ந்து பதிவு செய்யவும் வேண்டும்.